இன்ஜின் இழுக்கிற மேட்டைத்தான் சைக்கிளும் மிதிக்கும்

திருநெல்வேலிச் சீமையில் ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட சைக்கிள் பயணம் நடத்தலாம் என்று யார் உட்கார்ந்து பேசினாலும், பேச்சு முதலில் போய் நிற்கிற இடம் குற்றாலம். விடிகாலையில் நெல்லையில் புறப்பட்டு, ஆலங்குளம் வழியாகத் தென்காசி போய், அருவியில் குளித்துவிட்டு வேனில் திரும்புவது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அன்றாடம் சைக்கிள் மிதிக்காதவர்கள் பாவூர்சத்திரம் வருவதற்குள்ளேயே வேனைத் தேட ஆரம்பிப்பதும் இந்தத் திட்டத்தில்தான். தூரம் மட்டும் காரணமில்லை. ஆறு வருகிற திசைக்கு எதிராகவும், பாதி வருஷம் காற்று வருகிற திசைக்கு எதிராகவும் போகிற பாதை அது.

இதைவிட நல்ல பாதை ஒன்று நம்மிடமே இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் ரயிலுக்காகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த பாதை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை என்று தாமிரபரணியை ஒட்டி இறங்கும் ரயில் தடமும், அதன் கூடவே வரும் ஊர்ச் சாலைகளும். தண்டவாளத்தின் மேல் போகச் சொல்லவில்லை. தண்டவாளம் எந்தப் போக்கில் போகிறதோ அந்தப் போக்கில் போகச் சொல்கிறோம்.

வெளிநாடுகளில் ரயில் ஓடாமல் போன தடங்களிலிருந்து தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, அந்தக் கரையையே நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய்–ஸ்பார்ட்டா பாதை 1960களிலேயே இப்படி வந்துவிட்டது. ஸ்பெயினில் 1993 முதல் இது ஒரு தேசியத் திட்டம். நியூசிலாந்தில் ஒட்டாகோ பாதை 152 கிலோமீட்டர். பிற்காலத்தில் ரயிலுக்கே வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டோடு தடத்தைப் பாதையாக விட்டுவைக்க அமெரிக்காவில் 1983இல் சட்டத் திருத்தமே செய்தார்கள். நிதி திரட்டும் கூட்டுப் பயணங்கள் இந்தப் பாதைகளைத் தேடிப் போவதற்கு அழகு ஒரு காரணம்தான். பெரிய காரணம் சரிவு.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது பிடிமானம் குறைவு. அதனால் ரயில் செங்குத்தாக ஏறாது. 100 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுவது என்பதே ரயிலுக்குக் கவனிக்க வேண்டிய ஏற்றம். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் ஏறக்குறைய 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். அங்கே வெறும் சக்கரத்தால் முடியாமல்தான் பல்சக்கரம் வைத்தார்கள். சமவெளியில் தடம் போட்ட பொறியாளர்கள், எல்லாவற்றிலும் பாரமான சரக்கு வண்டி எந்த மேட்டில் நின்றுபோகுமோ அதைக் கணக்கில் வைத்துத்தான் கரையை உயர்த்தினார்கள், மேட்டை வெட்டினார்கள், வளைந்து போனார்கள்.

சைக்கிளுக்கும் இதே கணக்குதான். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில்லாத சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டரில் போக 50 வாட் அளவுக்குச் சக்தி போதும். 100க்கு 1 ஏற்றம் வந்தால் கூடுதலாக 35 வாட். 100க்கு 5 ஏற்றம் வந்தால் கூடுதல் மட்டுமே 174 வாட். பழக்கமில்லாத ஒரு பெரியவரால் ஒரு மணி நேரத்துக்கு விடாமல் தர முடிவது 75இலிருந்து 100 வாட் வரைதான். ஆகவே ரயில் ஏறக்கூடிய மேட்டில் அவர் பேசிக்கொண்டே வருவார். அதைத் தாண்டிய மேட்டில் இறங்கித் தள்ளுவார்.

தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள உயர வித்தியாசம் ஏறக்குறைய 100 மீட்டர். ரயில் தூரம் 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சராசரியாகப் பார்த்தால் 700 மீட்டருக்கு 1 மீட்டர். கண்ணுக்கே தெரியாத இறக்கம். ஆனால் காலுக்குத் தெரியும்.

காற்று கண்ணுக்கும் தெரியும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவரும் மேல்காற்று, தென்காசி, சுரண்டைப் பக்கமெல்லாம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று. மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறவருக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், அது 100க்கு 3 மீட்டருக்கும் மேலான ஏற்றத்தை இடைவிடாமல் ஏறுவதற்குச் சமம். நெல்லையிலிருந்து குற்றாலம் போகும் ஆடி மாதத் திட்டம் எங்கே உடைகிறது என்பது இதில் விளங்கும். பாதை சமமாகத்தான் இருக்கிறது, காற்று அதை மலையாக்கிவிடுகிறது. அதே நாளில் மேற்கிலிருந்து கிழக்கே வந்தால் பொதிகைக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்.

எனவே திசை முதலில் முடிவாக வேண்டும். ஆறு எப்படிப் போகிறதோ அப்படி, மேற்கிலிருந்து கிழக்கே. தை, மாசியில் காலைக் காற்று பலமில்லை என்றாலும் சரிவு நம் பக்கம்தான்.

நம் ஊரில் ஏன் அப்படி ஒரு பழைய ரயில் தடம் பாதையாகக் கிடைக்கவில்லை என்றும் கேட்பார்கள். இங்கே மீட்டர் கேஜ் தடங்கள் கைவிடப்படவில்லை, அகலப்படுத்தப்பட்டன. 1,000 மில்லிமீட்டர் அகலத்தில் கிடந்த தண்டவாளம் இருந்த இடத்திலேயே 1,676 மில்லிமீட்டராக மாறியது. நெல்லை–தென்காசிப் பகுதி 2012இல் அகலப்பாதையானது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் 2010இல் மீட்டர் கேஜ் வண்டி நின்று, 2018இல் அகலப்பாதை திறந்தது. கரையில் இன்றும் ரயில் ஓடுகிறது. அதனால் தண்டவாளத்தை ஒட்டி ஓடும் ஜல்லிப் பாதையில் போகலாமே என்ற யோசனையை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும். அது ரயில்வேக்குச் சொந்தமான இடம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அறுபது பேர் வருவதாக வைத்துக்கொண்டால், அவர்கள் பேசிச் சிரித்து வரும் சத்தத்தில் பின்னால் வருகிற மின்சார இன்ஜின் காதில் விழாது.

இப்போது பாதை. அம்பாசமுத்திரத்தில் புறப்பட்டால் நெல்லை 35 கிலோமீட்டர் சொச்சம். முதல்முறை வருகிறவர்களுக்கு இதுதான் சரியான தூரம். தென்காசியிலிருந்து முழுத் தூரமும் வைத்தால் பத்து மணி வெயிலில் மாட்டிக்கொள்வார்கள். அம்பையிலிருந்து ஆற்றுப் பாலம் கடந்து கல்லிடைக்குறிச்சி, பிறகு வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி. பாதி வழிக்கு வலப்பக்கம் மலை, இடப்பக்கம் வயல். பிசானப் பருவ நெல் கதிர் வாங்கும் தை மாதத்தில் இந்தப் பக்கம் பார்க்க வேண்டிய பக்கம். காருகுறிச்சியில் மண்பாண்டமும் பத்தமடையில் கோரைப்பாயும் உண்டு. ஆனால் அறுபது பேரையும் கடைக்குள் விட்டால் மறுபடி ஒன்றுசேர்க்க முக்கால் மணி நேரம் போகும். வாங்குவதெல்லாம் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

சேரன்மகாதேவியில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். தென்கரையிலேயே பத்தமடை, முன்னீர்பள்ளம், மேலப்பாளையம் வழியாகப் போகலாம், அல்லது ஆற்றைக் கடந்து வடகரையில் சுத்தமல்லி, பேட்டை வழியாகப் போகலாம். ரயில் போவது வடகரையில்தான். பயணத்துக்கு முந்தின வாரம் இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை காலை அதே நேரத்தில் மிதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பைக்கில் போய்ப் பார்ப்பது பாதை பார்த்ததாகாது. பைக்கில் தெரியாத குழி, பெயின்ட் அடிக்காத வேகத்தடை, சரளை சிதறிய திருப்பம் எல்லாம் சைக்கிளில்தான் தெரியும்.

வாய்க்கால் கரைச் சாலைகளைப் பார்த்தால் ஆசை வரும். கன்னடியன் கால்வாயோரம், குளத்துக்கரைகள் மேல் எல்லாம் மரநிழலும் தண்ணீரும். ஆனால் பஞ்சர் நடப்பதும் அங்கேதான். கரையில் சீமைக் கருவேலும் உடைமரமும் வெட்டிப் போட்ட இடத்தில் முள் வாரக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும். பெரிய கூட்டத்தை அங்கே கொண்டுபோவதென்றால் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். நீர்வளத் துறையிடமும் ஊராட்சியிடமும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். முந்தின நாள் ஒருவர் நடந்து போய்ப் பார்த்துவரவும் வேண்டும்.

ரயில் பாதையை ஒட்டிப் போவதால் வரும் தனித் தொல்லைகள் இரண்டு. ஒன்று ரயில்வே கேட். தண்டவாளத்துக்கும் சாலைக்கும் இடையே சக்கரத்தின் விளிம்பு போக ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். சாலை தண்டவாளத்தைச் சாய்வாக வெட்டும் இடத்தில் சைக்கிள் டயர் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால், ஹேண்டில் திரும்பாது, ஆள் மட்டும் முன்னால் போவார். பனி ஈரம் இருந்தால் தண்டவாளத்தின் மேலேயே வழுக்கும். கொஞ்சம் ஒதுங்கி, சக்கரம் தண்டவாளத்தை நேர்குறுக்காகச் சந்திக்கும்படி கடக்க வேண்டும். பிரேக்கையும் ஹேண்டிலையும் தண்டவாளத்துக்கு முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும், மேலே போன பிறகு தொடக்கூடாது. சந்தேகம் இருந்தால் இறங்கித் தள்ளுவது நல்லது. அன்றைய வண்டி நேரத்தை முன்பே எழுதி வைத்துக்கொண்டால், கேட் மூடி கூட்டம் இரண்டாகப் பிரியும் நேரத்தை ஓய்வு நேரமாக மாற்றிவிடலாம்.

இரண்டாவது, கேட்டை எடுத்துவிட்டுக் கட்டிய சுரங்கப்பாதைகள். ஐப்பசி, கார்த்திகை மழை நின்று ஒரு மாதம் ஆனாலும், பக்கத்தில் வயலும் குளமும் நிறைந்திருக்கும் வரை ஊற்றுத் தண்ணீர் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று இறங்கினால் அடியில் பாசி பிடித்த கான்கிரீட். இறங்குமுகத்தில் வேகம் எடுத்துத் தண்ணீருக்குள் பிரேக் பிடிப்பவர் விழுவது உறுதி. வழியிலுள்ள ஒவ்வொரு சுரங்கப்பாதையையும் முந்தின நாள் மாலை பார்த்துவிட்டு, தண்ணீர் நின்றால் மாற்றுவழியைக் கையில் வைத்திருங்கள்.

நாள் குறிப்பதில் கவனம் தேவை. தை நல்ல மாதம். ஆனால் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரம் முழுக்க நடந்து வருவார்கள். அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். முகூர்த்த நாளில் மண்டபங்களும் வேன்களும் கிடைக்காது. மாசிக் கடைசி, பங்குனியில் அறுப்பு நடக்கும்போது சாலையிலேயே நெல் காயும், வைக்கோல் கிடக்கும். நீளமான வைக்கோல் பின்சக்கரப் பல்லில் சுற்றிக்கொண்டால் செயின் இறுகிப் பெடல் நின்றுவிடும். அறுத்த வயலுக்குப் போகும் வாத்துக் கூட்டம் சாலையைக் கடந்தால் பத்து நிமிடம் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

காவல் துறைக்கு ஒரு கடிதம் போதாது. ஊரகப் பகுதிக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், நகர எல்லைக்குள் மாநகரக் காவல் ஆணையர், இருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். தென்காசி 2019 நவம்பரிலிருந்து தனி மாவட்டம் என்பதால், அங்கிருந்து புறப்படுவதானால் மூன்றாவது கடிதமும் வேண்டும். பாதை, நேரம், ஆள் எண்ணிக்கை, பொறுப்பாளரின் போன் எண் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால் படிப்பார்கள்.

அறுபது பேர் ஒரே வரிசையில் வந்தால் அந்த வரிசை 300 மீட்டர் நீளும். பின்னால் வரும் பஸ் முந்தவும் முடியாது, நடுவில் நுழையவும் முடியாது. டிரைவர் ஆரன் அடித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் ஏறுவார். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக ஐந்து குழுக்கள், குழுவுக்குக் குழு 200 மீட்டர் இடைவெளி. பஸ் ஒவ்வொரு குழுவாகத் தாண்டிப் போய்விடும். குழுவுக்குள் ஒற்றை வரிசை, முன் சைக்கிளுக்கும் பின் சைக்கிளுக்கும் இடையே ஒரு சைக்கிள் நீள இடம்.

ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். முன்னால் போகிறவர் மணிக்கு 16 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, அவரை யாரும் முந்தவும் கூடாது. வேகமாக மிதிக்கிறவர்களை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். 22 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒன்றரை மணி நேரத்தில் நெல்லை வந்துவிடுவார். 14 கிலோமீட்டரில் வருகிறவருக்கு மிதிப்பதற்கே இரண்டரை மணி நேரம், மூன்று ஓய்வும் சேர்த்தால் மூன்றேகால். முச்சந்தியில் கொடி பிடித்து நிற்கும் தொண்டர்கள், தண்ணீர் வண்டி, முதலுதவி எல்லாம் அந்த இடைவெளி முழுக்க நீட்டி நிற்க வேண்டும். நடப்பது என்னவென்றால், முதல் ஆள் போனதும் தொண்டர்கள் கலைந்துவிடுவார்கள். கடைசியாக வரும் பள்ளிக்கூடப் பிள்ளையோ வயதான அண்ணாச்சியோ போலீசும் கொடியும் இல்லாத முச்சந்தியைத் தனியாகக் கடப்பார்கள்.

அதனால் கடைசி ஆளாக யாரைப் போடுகிறோம் என்பதில்தான் பயணமே இருக்கிறது. அனுபவமுள்ள, பொறுமையான, பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஆள் அங்கே வேண்டும். நல்ல ஆளையெல்லாம் முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் யாரையாவது போடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. தடம் போட்டவர்கள் பாரமான வண்டியை வைத்துச் சரிவைக் கணக்கிட்டார்கள், நாம் மெதுவாக வருகிறவரை வைத்து நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

தை மாதம் நம் பக்கம் விடிவது ஆறரை வாக்கில்தான். ஆறரைக்குப் புறப்பட்டால் பத்து மணிக்குள் கடைசி ஆளும் வந்து சேர்வார். இருட்டில் கிளப்ப வேண்டாம்.

சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே வருகிறவர்கள் ஒரே மாதிரி சைக்கிளோடு வரமாட்டார்கள். பிள்ளைகள் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் வருவார்கள், பெரியவர்கள் பழைய 28 அங்குல இரும்புச் சைக்கிளில், வேலைக்குப் போகிற இளவட்டங்கள் கியர் சைக்கிளில். இதில் பலர் கவனிக்காதது காற்றடிக்கும் வாய். பழைய சைக்கிளில் ரப்பர் வால்வ் டியூப் போட்ட வாய். பல கியர் சைக்கிள்களில் மோட்டார் பைக் போன்ற வாய். மெல்லிய டயர் ரேஸ் சைக்கிளில் ஒல்லியான இன்னொரு வகை. வழியிலுள்ள ஊர்க் கடைப் பம்பு முதல் இரண்டுக்கும் பொருந்தும், மூன்றாவதற்குப் பொருந்தாது. பத்து இருபது ரூபாய்ப் பித்தளை அடாப்டர் நான்கைப் பையில் போட்டுக்கொண்டால் ஒரு ஆள் நடுவழியில் நிற்கமாட்டார்.

உதவி வண்டியில் டியூப்கள் அளவுவாரியாக இருக்கட்டும். 28 அங்குலத்துக்கு மூன்று, 26க்கு நான்கு, 27.5, 29, 700சி ஒவ்வொன்றுக்கும் இரண்டு. பேட்ச், சொலுஷன், உப்புத்தாள், டயர் நெம்பி, ஸ்பேனர் செட், செயின் கழற்றும் கருவி, பெரிய பம்பு ஒன்று. பெயர் பதியும்போதே டயர் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டால் எண்ணிக்கை இன்னும் சரியாக வரும்.

முள் பஞ்சரில் திரும்பத் திரும்ப நடக்கிற பிழை ஒன்று. டியூபைக் கழற்றி, ஒட்டி, மாட்டி, ஐந்து கிலோமீட்டர் போனதும் மறுபடி காற்று இறங்கும். சொலுஷன் சரியில்லை என்பார்கள். உண்மையில் கருவேல முள்ளின் நுனி உடைந்து டயருக்குள்ளேயே நிற்கும். டியூப் போடுமுன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றிலும் துடைத்தால் துணி எங்கே இழுபடுகிறதோ அங்கே முள். வெறும் விரலால் தடவினால் விரல் கிழியும். சொலுஷன் தடவியதும் பேட்சை வைப்பது இன்னொரு பிழை. பளபளப்பு மங்கிக் காயும் வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும்.

முந்தின நாள் மாலையில் எல்லாச் சைக்கிளையும் ஓரிடத்தில் கூட்டிச் சரிபார்ப்பது நல்லது. பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, சக்கரத்தில் கோட்டம் இருக்கிறதா, ஹேண்டில் ஆடுகிறதா. செயினில் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் வேண்டாம். அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பழைய அழுக்கைத் துடைத்து, சைக்கிள் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே வழிவதைத் துடைத்தால் போதும். சீட் உயரத்தைக் கட்டாயம் பாருங்கள். நம் ஊரில் பெரியவர்கள் பெரும்பாலும் கால் முழுதாகத் தரையில் ஊன்றும்படி சீட்டை இறக்கி வைத்திருப்பார்கள். கடைத்தெருவுக்குப் போய்வர அது சரி. 35 கிலோமீட்டருக்கு முன்முட்டி வலித்துவிடும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக வேண்டும், அதுதான் அளவு.

தண்ணீர் ஆளுக்கு இரண்டரை லிட்டர் என்று போட்டால் அறுபது பேருக்கு 150 லிட்டர், 20 லிட்டர் கேன் எட்டு. சிறு பாட்டில் வாங்கினால் வழியெல்லாம் பிளாஸ்டிக், அதுவும் ஆற்றங்கரையில். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் (பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்) கரைக்க வேண்டும். அவசரத்தில் ஒரு டம்ளரில் கொட்டிக் கொடுத்தால் உப்பு கூடி வாந்தி எடுப்பார்கள். 10 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழமும் ஒரு கடலைமிட்டாயும் போதும். இட்லியும் அல்வாவும் நெல்லை வந்தபிறகு.

விழுந்து சிராய்த்தால் சுத்தமான தண்ணீரில் மண் போகக் கழுவுவதுதான் முதல் வேலை. மஞ்சள்தூள், காபித்தூள் அப்பக்கூடாது, பிறகு ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டித்தான் எடுப்பார்கள். தலையில் அடிபட்டவர் எழுந்து நின்று சிரித்தாலும் மறுபடி சைக்கிளில் ஏற்றக்கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள். அம்பையிலும் சேரன்மகாதேவியிலும் அரசு மருத்துவமனை உண்டு, எந்த இடத்தில் விழுந்தால் எது பக்கம் என்பதைக் குழுவின் கடைசி ஆள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி. செலவையும் நன்கொடையையும் கலக்காதீர்கள். பதிவுக் கட்டணம் தண்ணீர், பழம், வண்டி வாடகை, முதலுதவிக்கு. நன்கொடை வந்த முழுத்தொகையும் காரியத்துக்கு. பனியனுக்கும் கேடயத்துக்கும் போன பணம் கணக்கில் தெரிந்தால் அடுத்த வருஷம் யாரும் கொடுக்கமாட்டார்கள். கொடுக்காதது நியாயமும்கூட. நன்கொடையைப் பதிவுபெற்ற அறக்கட்டளையின் வங்கிக் கணக்கில் நேரடியாக வாங்குங்கள். வருமான வரியில் நன்கொடைக் கழிவு கேட்பவர்களுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். காரியமும் ஒன்றே ஒன்றாக, கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். டயரும் டியூபும் போனதால் வீட்டு மூலையில் சாய்ந்து கிடக்கும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளை ஓடவைப்பது ஒரு நல்ல காரியம். ஒரு சைக்கிளுக்கு என்ன ஆகும் என்று கடை அண்ணாச்சியிடம் கேட்டு எழுதிவிடலாம், எத்தனை சைக்கிள் ஓடியது என்று பிறகு எண்ணியும் காட்டலாம்.

திரும்பிப் போகும்போது சைக்கிளைப் பாசஞ்சர் ரயிலில் ஏற்றிவிடலாம் என்று நம்பியிருக்காதீர்கள். அறுபது சைக்கிளுக்கு அதில் இடம் இருக்காது. ஆட்கள் ரயிலில் போகட்டும், அதே பாதையை ஜன்னல் வழியாகப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சைக்கிளுக்குக் குட்டி யானை வண்டி, ஒன்றுக்கு எட்டிலிருந்து பத்து வரை, ஒன்று முன்பக்கம் பார்க்க அடுத்தது பின்பக்கம் பார்க்க, இடையில் சாக்கு வைத்துக் கயிறு. அறுபதுக்கும் ஒரே நடையில் வேண்டுமென்றால் பெரிய லாரி ஒன்றே மலிவு. ஏற்றும்போது ஒவ்வொரு சைக்கிளிலும் பதிவு எண் சீட்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அம்பையில் இறக்கும்போது ஒரே நிறத்தில் நிற்கும் அரசு சைக்கிள்களுக்கு நடுவே யாருடையது எது என்று தெரியாது.

முடியும் இடத்தில் பதிவேட்டோடு ஒருவர் உட்கார்ந்து, வந்தவர் எண்ணைக் குறிக்க வேண்டும். வழியில் வீட்டுக்குத் திரும்பியவர்கள், உதவி வண்டியில் ஏறியவர்கள் எண்ணிக்கையும் அதிலேயே சேரட்டும். புறப்பட்ட எண்ணும் வந்த எண்ணும் ஒத்துப்போன பிறகுதான் கடைசி முச்சந்தியில் நிற்கும் தொண்டருக்குப் போன் செய்து கொடியை மடிக்கச் சொல்ல வேண்டும்.